அவிழ்க்காத மஞ்சள் துணி

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இரண்டு, துணி துவைக்கும் மெஷின் வந்த பெட்டி ஒன்று. மூன்றையும் கத்தியால் கீறி, பட்டையாக டேப் ஒட்டிச் சேர்த்தால் ஒரு வீடு. கதவு உண்டு, ஜன்னல் உண்டு, தட்டிக் கூப்பிடுவதற்கு ஒரு பால் டப்பா மூடிகூட உண்டு. கூரை மட்டும் கிடையாது. கூரை போட்டால் உள்ளே யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்று டீச்சருக்குத் தெரியாமல் போய்விடும்.

அன்று காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே, டீச்சர் முட்டி போட்டு அந்த வீட்டுக்குள் புகுந்து, விட்டுப்போன டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் உண்டு, பாட்டு டீச்சர் உண்டு. இவள் விளையாட்டு டீச்சர். ஓட்டம், பந்து என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வேறு ஒருவர் இருக்கிறார், விசில் வைத்திருப்பார். இவள் சொல்லிக்கொடுப்பது ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோடு எப்படிச் சேர்ந்து இருப்பது என்பதை. காத்திருப்பது, கேட்டு வாங்குவது, விட்டுக்கொடுப்பது, தப்புச் செய்தால் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வது. கரும்பலகையில் எழுதிப் போட்டால் இதெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் ஏறாது. வீடு, ஆஸ்பத்திரி, கடை, பஸ் என்று ஒரு ஆட்டத்தைக் கட்டி அதற்குள் இறக்கிவிட்டால் தானாக ஏறும் என்பது இவள் கட்சி.

நம் வாசகர்களுக்கு இவளைத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி காய்ச்சலில் போய்ச்சேர்ந்தபோது பெண்குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அக்காள்காரி பெட்டியோடு வந்து இறங்கினாள். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தலை பின்னி, பட்டாணி என்று செல்லப் பேரும் வைத்து வளர்த்தாள். தனக்கு வந்த கல்யாணப் பேச்சை எப்படித் தட்டிவிட்டாள் என்பதை முன்பே பார்த்தோம். மறுபடி கிளறினால் அவளுக்குக் கோபம் வரும்.

பட்டாணிக்கு ஏழு வயதானபோது தம்பி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். வந்தவளுக்குக் கண்ணாடிக்கடையில் கண் பார்த்து நம்பர் சொல்கிற வேலை. நல்லவள். கஷ்டமே அதுதான். கெட்டவளாக இருந்தால் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

தான் இருந்தால் பிள்ளை புது ஆளிடம் ஒட்டாது என்று டீச்சரே முடிவு கட்டினாள். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தபோது, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்தாள். அதற்கு முந்தின நாள் வரைக்கும் பள்ளிக்கூடத்திலும் பட்டாணிக்கு அவள் அத்தைதான். எத்தனை திட்டினாலும் டீச்சர் என்று வாயில் வராது. மறுநாள் வகுப்பில் வந்து நின்று, "டீச்சர், நான் உக்காரட்டுமா?" என்று கேட்டாள். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. அழவில்லை. பரவாயில்லை, பிள்ளை பழகிக்கொண்டாள் என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு மூன்று பேருக்குச் சமைத்துவிட்டு, முக்கால் பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அதெல்லாம் நடந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஏக்கம் மட்டும் ஓடவில்லை. வகுப்பில் பட்டாணியின் பின்னல் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் விரல் துறுதுறுக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே டீச்சர் என்று கையைக் கட்டிக்கொள்வாள்.

"அக்கா."

அட்டை ஜன்னலில் தம்பியின் முகம் தெரிந்தது.

"என்னடா இந்நேரத்துல? இன்னிக்குப் பேரன்ட்ஸ் வர்ற நாள்தான். ஆனா இன்னும் நேரம் இருக்கே."

"அதுக்கு அவ வருவா. நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"உள்ள வந்து கேளு. யாரும் இல்ல."

"இதுக்குள்ளயா?"

கருவிப் பையை வெளியே வைத்துவிட்டு, ஆறடி உடம்பை மடக்கி நுழைந்தான். முழங்கால் மோவாயில் இடித்தது.

"ஊர்ல லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் நான் வெளிய எடுக்கிறேன். என்னை யார் எடுக்கிறது?" என்றான்.

"விஷயத்துக்கு வா."

"எனக்கு மாத்தல் வந்திருக்கு. வேற ஊர். ராத்திரி ரயில் ஏறினா காலையில போய்ச் சேரலாம். வீடு கம்பெனியே கொடுக்குது."

டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது. இந்த வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது பட்டாணியைப் பார்க்கிறாள். அதுவும் போகிறது. முதலில் புரிந்தது அதுதான்.

"பாப்பா வர மாட்டேங்கிறா அக்கா. நேத்து லேசா கேட்டுப் பார்த்தேன். 'நான் வந்துட்டா இங்க யார் இருப்பா'ன்னு கேக்குறா. ஒண்ணும் புரியல." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீயும் எங்ககூட வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம். பழையபடி இருக்கலாம்."

"உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"அவகிட்ட மாத்தல் விஷயமே இன்னும் சொல்லல."

"ஏண்டா?"

"நீ வரேன்னு சொல்லிட்டா ரெண்டையும் சேர்த்துச் சொல்லிடலாம்னு பார்த்தேன்."

"உன்னை வளர்த்ததுல எங்கயோ தப்பு பண்ணிட்டேன்," என்றாள் டீச்சர். ஆனால் அதில் காரம் இல்லை. பழையபடி என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது. பழையபடி என்றால் காலையில் தலை பின்னுவது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டதற்குத் திட்டுவது, கதை பாதியில் தூங்கிப்போன தலையைத் தலையணைக்கு நகர்த்துவது. ஒரு 'சரி'தான். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும்.

"சாயந்திரம் வீட்டுக்கு வந்து சொல்லு. நாளைக்கு நான் ஆபீஸ்ல பதில் கொடுக்கணும். வாசல் சாவி உன்கிட்டதான் இருக்கே," என்று தம்பி பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே போனான்.

சாவி இருந்தது. பையின் உள்பாக்கெட்டில், இன்னும் வளையத்தோடு.

*

மற்றப் பெற்றோர்கள் வருவதற்கு முன்னால் தம்பி மனைவி, அந்தக் கண்ணாடிக்கடைக்காரி, வந்துவிட்டாள். வேலைக்குப் போகும் உடையில், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு, வகுப்பு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்களேன்," என்றாள் டீச்சர்.

"வரலாமா அண்ணி? செருப்பைக் கழட்டணுமா?"

எதற்கும் கேட்டுக்கொண்டுதான் செய்வாள். தன் வீட்டில்கூட அப்படித்தான் என்று தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான்.

சின்ன நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணு சொல்லித்தாங்க," என்றாள். "அவ தலையைத் தொட விட மாட்டேங்கிறா. தானே பின்னிக்கிறா, பாதி முடி வெளிய நிக்குது. 'நான் பின்னட்டுமா'ன்னா, 'அது அத்தை வேலை'ங்கிறா. சரி, நாளாகும்னு இருந்தேன். போன வாரம் சமையல்ரூம் கதவுக்குப் பின்னாடி உங்க மஞ்சள் துணி தொங்குச்சு இல்ல, நீங்க இடுப்புல கட்டிக்கிட்டு வேலை பார்ப்பீங்களாமே, அது அழுக்கா இருக்குன்னு எடுத்து ஊறவச்சுட்டேன். அன்னிக்கு முழுக்க அவ சாப்பிடல."

"துணிக்காகவா?"

"துணிக்காகத்தான். துவைச்சு, காயவச்சு, திரும்ப அதே ஆணியில மாட்டின பிறகுதான் தட்டுல கை வச்சா." அவள் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள். "நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க அண்ணி. கடையில வர்றவங்க எழுத்து தெரியலைன்னா கண்ணாடியை மாத்திப் போட்டுப் பார்ப்பேன். இவகிட்ட எதை மாத்திப் போடறதுன்னு தெரியல."

டீச்சர் ஏதோ ஆறுதல் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. ஏனென்றால், உண்மையைச் சொன்னால், அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தன் துணிக்காக ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள். சந்தோஷப்படக் கூடாதுதான். பட்டுவிட்டாள், என்ன செய்வது.

*

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள், பின்னாலேயே பெற்றோர்கள். பெரிய டீச்சர் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் அடுத்த கிளாஸுக்குப் போகாம பார்த்துக்கோங்க," என்று சொல்லிப் போனார். அது நடக்காது என்று அவருக்கும் தெரியும்.

"வந்தவங்களுக்கு ரூல் சொல்லணும். யார் சொல்றீங்க?" என்றாள் டீச்சர்.

வக்கீல் எழுந்தாள். வயது எட்டு, எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பதால் அந்தப் பேர்.

"முதல் ரூல். வெளிய நிக்கிறவங்க கதவைத் தட்டி 'நானும் வரட்டுமா'ன்னு கேக்கணும். இடிச்சுக்கிட்டு நுழையக் கூடாது. ரெண்டாவது ரூல். உள்ள இருக்கிறவங்க 'வராதே'ன்னு சொல்லக் கூடாது. ஏதாவது ஒரு வேஷம் கொடுக்கணும். நாய்க்குட்டி வேஷமாவது கொடுக்கணும். மூணாவது ரூல், அது என்னாலதான் வந்துச்சு." அதில் அவளுக்குப் பெருமை.

வந்த கதை இது. பழைய திரைச்சீலைகளைக் கிழித்து டீச்சர் வேஷத் துணிகள் செய்திருந்தாள். சிவப்பு கட்டினால் வீட்டுக்கார அம்மா, நீலம் டாக்டர், பச்சை வாட்ச்மேன், பூப்போட்டது விருந்தாளி. ஒருநாள் வக்கீல் நீலத் துணியை நாற்காலியில் போட்டுவிட்டுப் பாத்ரூம் போனாள். வருவதற்குள் வேறொருத்தி டாக்டர் ஆகிவிட்டாள். வக்கீல் கடித்துவிட்டாள்.

"அதனால, ஆட்டத்தை விட்டுப் போறவங்க தன் துணியைத் தானே அவுத்து, இன்னொருத்தர் கையில கொடுக்கணும். கொடுக்காம போனா அவங்க இன்னும் ஆட்டத்துலதான் இருக்காங்கன்னு அர்த்தம். அந்த இடத்துல யாரும் உக்காரக் கூடாது," என்று முடித்து உட்கார்ந்தாள்.

அன்று வீட்டுக்காரி முறை பட்டாணிக்கு. முறை சுற்றி வருவதால்தான் அவளுக்கு அது கிடைத்தது. தானாகக் கேட்டால் எந்த ஆட்டமானாலும் அவள் கேட்பது பச்சைத் துணிதான். ஆஸ்பத்திரி விளையாடினால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன், பஸ் விளையாடினால் பஸ்ஸுக்கும் ஒரு வாட்ச்மேன். வாசலில் நின்றுகொண்டே இருப்பாள். கூச்சம், போகப் போகச் சரியாகும் என்று டீச்சர் அதை விட்டுவைத்திருந்தாள்.

பட்டாணி சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அட்டை வீட்டுக்குள் போனாள். போனவள் தன் புத்தகப் பையிலிருந்து எதையோ எடுத்து, உள்ளே இருந்த முக்காலியின் மேல் விரித்தாள். டீச்சர் கூரை இல்லாத வீட்டுக்குள் பார்த்தாள். மஞ்சள் துணி. வேஷப் பெட்டியில் மஞ்சள் கிடையாது. ஓரத்தில் எண்ணெய்க் கறை, ஒரு மூலையில் தானே போட்ட தையல்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. வக்கீலின் அப்பா தட்டிக் கேட்டார். அவருக்குக் கைக்குழந்தை வேஷம் கிடைத்தது. மீசை வைத்த அந்த மனிதர் மூலையில் மடங்கி உட்கார்ந்து "ங்கா" என்று சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்தது. இன்னொரு அம்மா பால்காரர் ஆனாள்.

அப்புறம் கண்ணாடிக்கடைக்காரி போய் டப்பா மூடியைத் தட்டினாள். இரண்டு விரலால், மெதுவாக.

"நானும் வரட்டுமா?"

பட்டாணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரூல் ரூல்தான்.

"வாங்க. நீங்க விருந்தாளி."

பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு அவள் குனிந்து நுழைந்தாள். உட்கார இடம் தேடினாள். முக்காலி மட்டும்தான் காலியாக இருந்தது.

"அதுல உக்காரக் கூடாது. ஆள் இருக்காங்க," என்றாள் பட்டாணி.

கண்ணாடிக்கடைக்காரி தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் துணி யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, பார்வையை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

வக்கீலுக்குத்தான் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"யாருமே இல்லையே. சும்மா இடம் பிடிச்சு வைக்கக் கூடாது."

"சும்மா இல்ல. அது அத்தை இடம்."

"உங்க அத்தை டீச்சர்தானே? அவங்க வெளிய நிக்கிறாங்களே."

"அத்தை துணியை அவுத்து யார் கையிலயும் கொடுக்கல," என்றாள் பட்டாணி. கணக்குச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். "கதவுக்குப் பின்னாடி மாட்டிட்டுப் போனாங்க. யார்கிட்டயும் சொல்லல. அப்ப அத்தை இன்னும் ஆட்டத்துலதான் இருக்காங்க. வருவாங்க. அதுவரைக்கும் நான் பார்த்துக்கணும்."

வக்கீல் யோசித்தாள். ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை.

"டீச்சர், அவ சொல்றது சரிதான். ரூல் நீங்க போட்டது."

டீச்சருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பிள்ளை பழகிக்கொள்ளவே இல்லை. கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை மாதமாக அவள் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஒரு ஆணியை, இங்கே ஒரு வாசலை. நான் வந்துட்டா இங்க யார் இருப்பா என்று அப்பாவைக் கேட்டதும் இதனால்தான். காவல் காக்கிறவளுக்கு விளையாட ஏது நேரம்? பிள்ளைகளைச் சேர்த்துவைப்பதே தொழிலாக வைத்திருக்கிற ஒருத்தி, தன் பிள்ளையைத் தனியாக வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் போய் டப்பா மூடியைத் தட்டினாள்.

"நானும் வரட்டுமா?"

பட்டாணியின் முகம் மாறியது. பள்ளிக்கூடம், வகுப்பு, வந்திருந்த ஜனங்கள் எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"நீ கேக்க வேணாம் அத்தை. உன் இடம் இங்கயே இருக்கு."

டீச்சர் தவழ்ந்து உள்ளே போனாள். முக்காலியில் இருந்த துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். கை தானாக முடிச்சுப் போட்டது. பட்டாணி அவள் காலுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொம்மைச் சீப்பு ஒன்றைப் பின்பக்கமாக நீட்டினாள். தினமும் காலையில் நீட்டுவதுபோல.

கைக்குழந்தையாக இருந்த மீசைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் கோணல் பின்னலை அவிழ்த்து, வகிடு எடுத்து, இடது பக்கத்தைப் பின்னத் தொடங்கினாள். முடி முன்பைவிட நீளமாகியிருந்தது. எப்போது வளர்ந்தது என்று தெரியவில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ரூல்படியே இந்த இடம் தன்னுடையதுதான். தம்பியும் கூப்பிடுகிறான். பிள்ளையும் கேட்கிறாள். தடுக்க யார் இருக்கிறார்கள்?

இடது பின்னலை முடித்து நாடா கட்டினாள். நிமிர்ந்தபோது எதிரே விருந்தாளி தெரிந்தாள். பூப்போட்ட துணியோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு, டீச்சரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிப் பின்னுகிறாள் என்று பாடம் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அதைப் பார்த்துத் தாங்கவில்லை.

"பட்டாணி, அன்னிக்கு நீ தூங்கிட்டிருந்தே. நான் சொல்லாம போயிட்டேன். துணியையும் கொடுக்கல. அது தப்பாட்டம்."

"நான் அழுவேன்னு போனியா?"

"நான் அழுவேன்னு போனேன்."

"இப்ப அழறியே."

"ஆமா. இப்ப அழுதுட்டே சொல்றேன். நான் அவுத்துக் கொடுக்கப் போறேன். நீ இனிமே பார்த்துக்க வேணாம்."

பட்டாணி திரும்பவில்லை. ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரிந்த முடியுமாக அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"கொடுத்துட்டா, அப்புறம் நீ யாரு?"

இந்தக் கேள்வியை டீச்சரும் தன்னைக் கேட்டுப் பார்த்ததுண்டு.

"வெளிய இருக்கிற ஆளு. வந்து தட்டிக் கேப்பேன்."

"கேட்டா?"

"கேட்டா நீ வேஷம் கொடுத்தே ஆகணும். ரெண்டாவது ரூல்," என்றாள் ஜன்னலில் இருந்த வக்கீல்.

டீச்சர் முடிச்சை அவிழ்த்தாள். போடும்போது இருந்த வேகம் அவிழ்க்கும்போது இல்லை. துணியை மடித்து, சீப்பையும் அதன் மேல் வைத்து, கண்ணாடிக்கடைக்காரியின் கையில் கொடுத்தாள்.

"அண்ணி, எனக்குச் சரியா பின்ன வராது."

டீச்சர் பதில் சொல்வதற்குள் பட்டாணி சொன்னாள்.

"ரொம்ப இழுக்காதீங்க. வலிக்கும்."

கண்ணாடிக்கடைக்காரி அவசரமாகத் தன் விருந்தாளித் துணியை அவிழ்த்து, ரூல்படி பட்டாணியின் கையில் கொடுத்தாள். மஞ்சளைக் கட்டிக்கொண்டு முக்காலிக்கு வந்தாள். வலது பின்னல் தொளதொளவென்று, காதுக்கு மேலே ஏறி நின்றது. பட்டாணி தொட்டுப் பார்த்தாள். அவிழ்க்கவில்லை.

அப்புறம் அவள் சிவப்புத் துணியை வக்கீலிடம் கொடுத்துவிட்டு, "நான் நாய்க்குட்டி," என்று அறிவித்து, நாலு காலில் வாசலைத் தாண்டி வெளியே ஓடினாள். வகுப்பெல்லாம் சுற்றினாள். பெஞ்சுக்கு அடியில் புகுந்தாள், குரைத்தாள், பால்காரரின் காலைப் பிடித்து இழுத்தாள். ஒருமுறைகூட முக்காலிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் சுவரோடு சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதைத்தான் இத்தனை மாதமாக ஆசைப்பட்டாள். கிடைத்ததும் இவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

*

சாயந்திரம் டீச்சர் தம்பி வீட்டு மாடிப்படி ஏறினாள். கூட வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று வழியில் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலில் நின்று, பழக்கத்தில் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். எடுத்ததைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து பட்டாணியின் குரல் வந்தது.

"அத்தை. நானும் வரட்டுமா?"

பட்டாணி யோசிக்கிறாள். என்ன சொல்வாளோ என்று டீச்சர் கதவையே பார்த்து நின்றாள். இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி, தான் கேட்டு நிற்கும்போது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

கதவு திறந்தது. இரண்டு பின்னலும் அப்படியே இருந்தன, ஒன்று நேராக, ஒன்று கோணலாக.

"விருந்தாளிதான் காலியா இருக்கு," என்றாள் பட்டாணி. கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னாள்.

"அதைக் கொடு."

பட்டாணி பாக்கெட்டிலிருந்து பூப்போட்ட துணியை எடுத்தாள். பள்ளிக்கூடத்துத் துணி, வகுப்பு முடிந்ததும் பெட்டியில் போடாமல் எடுத்துவந்திருக்கிறாள். டீச்சர் திட்டவில்லை. குனிந்து நின்று தோளில் கட்டிக்கொண்டாள்.

கூடத்தில் தம்பி எழுந்து நின்றான். அக்காள் முகத்தில் பதிலைத் தேடினான். சமையலறையிலிருந்து கண்ணாடிக்கடைக்காரி வந்தாள். மஞ்சள் துணி இடுப்பில் இருந்தது.

"உக்காருங்க அண்ணி. நல்ல நேரத்துல வந்தீங்க. காலையிலிருந்து உங்க தம்பி என் முகத்தைப் பார்த்தே பேச மாட்டேங்கிறார். ஏதோ மறைக்கிறார். உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி கண்ணாலேயே அக்காளைக் கெஞ்சினான்.

"வந்தவுடனே விருந்தாளிகிட்ட கேள்வி கேக்கக் கூடாது சித்தி," என்றாள் பட்டாணி. "முதல்ல தண்ணி கொடுக்கணும்."

கண்ணாடிக்கடைக்காரி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். டம்ளர் காலியாவதற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் மெதுவாகக் குடித்தாள். அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவளே போய் எடுத்துக் குடித்துத்தான் பழக்கம். இன்னொருத்தர் கொண்டுவந்து கொடுத்தது இன்றைக்குத்தான்.